ரேகையும் பட்டாவும்

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், அதன் பிடியில் சிக்கிய பிரமலைக் கள்ளர் சமூகத்தின் பெயரே அதில் இருக்காது. யாரைக் குற்றப் பரம்பரை என்று அறிவிப்பது, யாரிடம் ரேகை எடுப்பது, எவர் எத்தனை நாளுக்கொரு முறை போலீசில் ஆஜராவது என்பதையெல்லாம் மாகாண அரசின் அறிவிக்கைக்கும் விதிகளுக்கும் விட்டிருந்தார்கள். வைஸ்ராய் சபை இயற்றிய சட்டத்துக்குப் பல் முளைத்தது சென்னைக் கோட்டையில்தான்.

அந்தப் பல் எங்கே பதிந்தது என்பதை மதுரைச் சீமையும் கம்பம் பள்ளத்தாக்கும் அறியும். பொழுது சாய்ந்தால் ஆண்கள் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். சம்பந்தி வீட்டுத் துஷ்டிக்குப் போவதென்றாலும் கையில் ராத்திரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிய 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

பெரிய சட்டம் ஓரிடத்தில், அதை நடத்தும் விதி இன்னோரிடத்தில் என்ற ஏற்பாட்டையே குறை சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் சிவில் சட்டம் 1896-இல் இயற்றப்பட்டு 1900 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்குள், 1899-லேயே, அந்நாட்டின் மாநிலங்களான பவேரியாவும் பிரஷ்யாவும் தத்தம் நிறைவேற்றுச் சட்டங்களைத் தயாராக வைத்திருந்தன. அவை சட்டமன்றம் கண்ட சட்டங்கள். நம் விதிகளோ பெரும்பாலும் அதிகாரி மேசையில் பிறந்து அரசிதழில் அடங்கிவிடுகின்றன.

அண்மை உதாரணம், காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம். அது 2006-இல் நிறைவேறியது. விதிகள் 2008 ஜனவரி 1 அன்று வந்தன. அதே ஆண்டில், உரிமை கோரும் மனுக்களை விசாரிக்கலாம், ஆனால் உரிமைப் பட்டா கொடுக்குமுன் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அந்தத் தடை 2016-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் விலகியது. ரேகை எடுக்க மைப்பெட்டியோடு வீடு தேடி வந்த அரசு இயந்திரம், வருசநாட்டு மலையிலும் போடி மலையிலும் வாழும் பளியர் பழங்குடியினருக்குப் பட்டா தர மட்டும் எட்டாண்டு கைகட்டி நின்றது.

இத்தனைக்கும் விதிகள் நல்லவை. மனுதாரர் அல்லாத முதியவர் ஒருவர் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. 2012-இல் சேர்த்த 12-அ விதியோ, குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று மனுவை முடிவு செய்யும் கோட்ட, மாவட்டக் குழுக்கள் வற்புறுத்தக் கூடாது என்கிறது. மலையடிவாரத்து ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் அந்த ஒரு விதியையாவது தமிழில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததைத் தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றச் சொல்லுங்கள்.