குறுக்கே வந்தது யார்?

சைக்கிளில் போகிறவன் லாரியில் அடிபட்டால் பத்திரிகையில் மூன்று வரி வரும். "குறுக்கே வந்த சைக்கிள்" என்ற சொற்கள் அநேகமாக அதில் இருக்கும். சொற்களை விற்றுப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆட்சேபம் உண்டு.

சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓமலூர் வழியாகத்தான் போகிறது. காலை எட்டரை மணிக்கு அதன் ஓரத்தில் போய் நில்லுங்கள். முதுகில் புத்தகச் சுமையும் கேரியரில் தங்கையுமாகப் பிள்ளைகள் வருவார்கள். இவர்கள் ஊரும் பள்ளிக்கூடமும் அந்த நாலு வழிச் சாலைக்கு முன்பே இருந்தவை. குறுக்கே வந்தது சைக்கிளா, சாலையா?

அந்தச் சைக்கிளும் பெரும்பாலும் சர்க்கார் கொடுத்ததுதான். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கென்று ஆரம்பித்த திட்டம், சில வருஷங்களில் மேல்நிலை வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. ஆட்சி மாறியும் அது நிற்கவில்லை. நல்ல காரியம், அதோடு எனக்குச் சண்டையில்லை. ஓட்டுவதற்கு வழி எங்கே என்பதுதான் சண்டை. சர்வீஸ் ரோடு என்று ஒன்று உண்டு. அதில் லாரிகள் இளைப்பாறுகின்றன. மிச்ச இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் பறக்கின்றன.

"இடம் ஏது, ஸார்?" என்பார் என்ஜினீயர். சாலையை நாலு வழியாக்க இடம் எங்கிருந்து வந்ததாம்? புளிய மரங்களையும் வீட்டுத் திண்ணைகளையும் கேட்டால் சொல்லும்.

சட்டதிட்டத்துக்குப் பஞ்சமில்லை. போக்குவரத்துப் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கு நடப்பவர்க்கும் சைக்கிள்காரருக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை அகலமாயிற்று. கடை பார்ப்பவர்களுக்குச் சுகம்தான். சைக்கிளில் வேலைக்குப் போகும் கொத்தனாருக்கு?

ஹாலந்தைச் சொன்னால், "அது பணக்கார நாடு" என்று வாயை அடைப்பார்கள். பணக்கார நாடாயிருந்தும் 1971-ல் அங்கே சாலையில் மாண்டவர் சுமார் 3,300. அதில் 400-க்கு மேல் குழந்தைகள். ஜனங்கள் தெருவை மறித்து உட்கார்ந்த பிறகுதான் தனிப் பாதை பெருகிற்று.

நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியையும் சுற்றி ஐந்து மைலுக்கு, லாரிச் சக்கரம் ஏற முடியாத உயரத்தில் ஒரு கல்வரிசை; அதற்கு உள்ளே ஆறடிப் பாதை; நெடுஞ்சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு சுரங்க வழி. அடுத்த முறை சைக்கிள் வழங்க வருகிற மந்திரி, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, போலீஸார் வழி ஒதுக்காமல், அதே சைக்கிளில் அந்தச் சாலையை ஒரு தரம் கடந்து காட்டட்டும்.