உயிரோடு வெட்டி விற்கப்படும் பவளம்: தப்பு கத்தி மேலயா, கடை மேலயா?

ராமநாதபுரம்: கண்ணாடித் தொட்டி. மேலே நீல விளக்கு. தண்ணிக்குள்ள பச்சை, ஊதா, ஆரஞ்சு கலர்ல பூ மாதிரி ஒண்ணு ஆடுது. பார்த்தால் செடி என்றுதான் தோணும். ஆனால் அது செடி இல்லை. வாய், வயிறு எல்லாம் உள்ள உயிர்ப்பிராணி. பெயர் பவளம்.

இதை ரம்பத்தால் அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று உயிரோடு துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக விற்பது வெளிநாடுகளில் பெரிய வியாபாரம். அமெரிக்காவில் அபூர்வ கலர் என்றால் விரல் நுனி அளவு துண்டுக்கே நூற்றுக்கணக்கில் டாலர் எண்ணி வைக்கிறார்கள். ஒரு தாய்ப் பவளத்தை வாங்கி வைத்தவர் வருஷம் முழுக்க வெட்டி வெட்டிக் காசு பார்க்கலாம்.

கடல் மீன் தொட்டி ஆசை நம்ம ஊர்களிலும் வந்துவிட்டது. கூடவே கேள்வியும் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒன்றை இப்படி வெட்டலாமா? வெட்டியதை விற்கலாமா?

(நகைக்கடையில் மோதிரத்தில் வைத்துத் தருகிற சிவப்பு பவளம் வேறு. இங்கே பேசுவது நம்ம மன்னார் வளைகுடா தீவுகளைச் சுற்றிப் பாறையாக வளர்ந்து கிடக்கிற பவளம். மீனவர்கள் 'பார்' என்று சொல்கிறார்களே, அதைக் கட்டுகிற பிராணி.)

வெட்டினால் வலிக்குமா?

முதலில் இதைத் தீர்த்து விடுவோம். பவளத்துக்கு மூளை கிடையாது. உடம்பு முழுக்க வலை மாதிரி நரம்பு இழைகள் மட்டும் உண்டு. தொட்டால் சுருங்கும். நமக்கு வலிப்பது போல அதுக்கு வலிக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அதுவும் இல்லாமல், உடைவதே அதன் இனப்பெருக்க வழிகளில் ஒன்று. மான் கொம்பு மாதிரி கிளை விடுகிற பவளம், புயல் அலையில் ஒடியும். ஒடிந்த துண்டு பக்கத்தில் கெட்டியான இடத்தில் ஒட்டிக்கொண்டால் தனிப் பவளமாக வளர ஆரம்பித்துவிடும். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் துளிர்க்கிற கதைதான்.

வீட்டில் செய்வதும் அதுவே. எலும்பு வெட்டும் கட்டரால் ஒரு கிளையை நறுக்கி, மருந்துத் தண்ணியில் முக்கி, பெவிக்விக் மாதிரி பசை போட்டு சின்னக் கல் வில்லையில் ஒட்டி வைக்கிறார்கள். சில வாரத்தில் வெட்டுக்காயம் மூடி, வில்லை மேல் படர ஆரம்பிக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இதே வெட்டு வேலையை நம்ம தூத்துக்குடி கடலில் விஞ்ஞானிகளே செய்கிறார்கள். சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் நல்லா இருக்கிற பவளத்தில் இருந்து துண்டு எடுத்து, சிமெண்ட் பலகையில் கட்டி, அழிந்துபோன இடங்களில் கடலுக்குள் நட்டு வருகிறார்கள். துண்டு பிழைத்து வளர்ந்து மீன் கூட்டம் திரும்பி வந்த இடங்களும் உண்டு.

ஆக, கத்தி வைப்பது மட்டும் பாவம் என்று சொன்னால் இவர்களையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். வெட்டிய துண்டு எங்கே போகிறது, வெட்டுவதற்கு வைத்திருந்த தாய்ப் பவளம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

'வெட்டுக்கடை' மோசடி

தொட்டி வைத்திருப்பவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். "நான் வீட்டிலேயே வளர்த்து, வீட்டிலேயே வெட்டி, அடுத்த தொட்டிக்காரனுக்குக் கொடுக்கிறேன். அதனால கடல்ல இருந்து ஒரு பவளம் குறைவா எடுக்கிறாங்க. இதுல என்ன தப்பு?" இது அவர்கள் வாதம். வெளிநாட்டில் இதில் பாதி உண்மை இருக்கிறது. தொட்டியிலேயே பல தலைமுறையாக வெட்டி வெட்டிப் பெருக்கிய வகைகள் அங்கே நிஜமாகவே உண்டு.

மீதிப் பாதிதான் கோளாறு. கடலில் இருந்து எடுத்து வந்த முழுப் பவளத்தை மொத்த விலைக்கு வாங்குவது, விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே துண்டு துண்டாக வெட்டுவது, காயம் ஆறும் முன்பே 'பண்ணையில் வளர்ந்தது' என்று லேபிள் ஒட்டி விற்பது. இப்படிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த ஊர்த் தொட்டிக்காரர்களே 'வெட்டுக்கடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்கியவன் வீட்டில் துண்டு ஒரு வாரத்தில் வெளுத்துச் சாகும். அவன் தன் தண்ணி சரியில்லை என்று நினைத்து, அடுத்த துண்டு வாங்குவான்!

நீல விளக்கில் போட்டோ எடுத்து இல்லாத கலரைக் காட்டி விற்பது இன்னொரு ரகம். துணிக்கடை வெளிச்சத்தில் சேலை எடுத்து வீட்டுக்கு வந்து முழிப்பது மாதிரி.

உயிர்ப் பவளம் ஏற்றுமதியில் முதல் இடத்தில் இருக்கும் இந்தோனேசியாவே 2018-ல் இந்த ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. 2020-ல் பண்ணையில் வளர்த்த பவளத்துக்கு மறுபடியும் கதவைத் திறந்தது. அந்தப் பண்ணைகளும் கடலுக்குள்தான் இருக்கின்றன. முதல் தாய்ப் பவளம் கடலில் இருந்துதான் வர வேண்டும். கடலில் எடுத்ததா, பண்ணையில் விளைந்ததா என்று துண்டைப் பார்த்துக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நம்ம ஊரில் சட்டம் வேற

மேலே சொன்ன வாதம் எல்லாம் வெளிநாட்டுக்கு. இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. 2001-ம் வருஷம் பாறை கட்டும் பவளங்கள் மொத்தத்தையும் வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். கருப்பு பவளம், நெருப்பு பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. புலி, யானை இருக்கிற அதே அட்டவணை. எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம்.

இந்தச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை ஜெயில், குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதம். செத்துப்போய் வெள்ளையாகக் கிடக்கும் பவளத் துண்டுக்கும் இதே கதிதான். ராமேசுவரம் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு போகிறார்களே, அவர்களும் உஷாராக இருப்பது நல்லது.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பரப்பளவு 560 சதுர கிலோ மீட்டர். இங்கே 117 வகை பவளம் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கல்லு எடுத்த காலம்

இந்தச் சட்டம் யார் தலையில் இறங்கியது என்பதையும் பேச வேண்டும். ஒரு காலத்தில் இங்கே பவளக்கல் என்றால் வீடு கட்டும் கல். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த சர்ச் சுவரைப் பாருங்கள். செல்பி எடுக்கிறவர்கள் கை வைக்கிற அந்தச் சுவரே பவளக்கல்தான். தூத்துக்குடி பக்கம் வள்ளம் வள்ளமாகக் கல்லை எடுத்து வந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். மூச்சடக்கி முக்குளித்துக் கல்லைப் பெயர்த்தவர் கூலிக்காரர். லாபம் கரையில் இருந்தவருக்கு.

விளைவு என்ன? 21 தீவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் முழுகிவிட்டன. அதற்குப் பவளக்கல் எடுத்ததும் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு கரைந்து சுருங்கிப்போக, 2015-க்குப் பிறகு சிமெண்டில் செயற்கைப் பார் செய்து இறக்கித்தான் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறார்கள்.

2001 சட்டம், அப்புறம் 2004 சுனாமி. பார் இருந்தால்தான் அலை வேகம் குறையும் என்ற பேச்சு குப்பங்களில் வந்தது. 2005 வாக்கில் கல்லு எடுப்பது ஏறக்குறைய நின்றுபோனது. அந்தத் தொழிலை நம்பியவர்கள் வேறு பிழைப்பு தேடிப் போனார்கள். கடல் அட்டைக்கும் அதே 2001-ல் தடை வந்தது. அட்டை கேசில் மாட்டி கோர்ட்டுக்கு நடந்தவர்கள் கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவையும் நம்ம ஜனங்கள் தாங்கிக்கொண்ட பிறகு, எங்கேயோ ஒரு பங்களா வரவேற்பறையில் அலங்காரத்துக்கு உயிர்ப் பவளம் என்றால் கோபம் வரத்தானே செய்யும்? எனக்கு வருகிறது.

மாட்டுவது யார்?

தொட்டி வைக்க லட்சக்கணக்கில் செலவாகும். தண்ணியை 26 டிகிரி பக்கத்திலேயே வைக்க குளிர்விக்கும் மெஷின், தனி விளக்கு, உப்பு, சுண்ணாம்புச் சத்து மருந்து, பம்பு. ராத்திரி கரண்ட் போய் பம்பு சில மணி நேரம் நின்றால் போச்சு. ஒன்று செத்தால் தண்ணி கெட்டு மொத்தத் தொட்டியும் காலையில் நாறும். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் இல்லாதவன் ஆசைப்பட முடியாத பொழுதுபோக்கு.

அதை வாங்குகிறவர் போனில் ஆர்டர் போடுவார். பாலிதீன் பையில் தண்ணி ஊற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பஸ்சிலோ பைக்கிலோ கொண்டு போய்க் கொடுப்பது யார்? கடையில் மாசச் சம்பளத்துக்கு நிற்கிற பையன். வழியில் பெட்டியைத் திறந்து பார்த்தால் கையும் களவுமாக நிற்பது அவன்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், ஓனர் குடுக்கச் சொன்னாரு" என்பதை வைத்து 3 வருஷ சட்டத்தில் இருந்து தப்பிப்பது சுலபம் இல்லை.

சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் தொழில் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. தங்க மீன், கப்பி, ஏஞ்சல் எல்லாம் தொட்டியில் குஞ்சு பொரித்து விற்பது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு பவள கேஸ் வந்தால் 'மீன் கடைக்காரங்க எல்லாம் இப்படித்தான்' என்று பெயர் கெடும். நேர்மையாகத் தொழில் பண்ணுகிறவர்களுக்கு இது தேவையா?

உடம்புக்கும் ஆபத்து

வெட்டுகிற வேலையில் இருக்கும் இன்னொரு பயங்கரத்தைக் கடைப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. பட்டன் மாதிரி கூட்டமாக இருக்கும் ஒரு பவள ஜாதியில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. வெட்டும்போது தெறிக்கிற சாறு கண்ணில், காயத்தில் படக்கூடாது. ஒட்டியிருக்கிற கல்லை வெந்நீரில் போட்டால் ஆவியிலேயே விஷம் ஏறும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தில் ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில், வீட்டுத் தொட்டியில் இருந்து பவளத்தை அப்புறப்படுத்தப் போய் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. உதவிக்கு வந்தவர்களும் சேர்ந்து அட்மிட் ஆனார்கள்.

அப்படியானால் லைசென்ஸ் கொடுத்தால்?

'கடலில் எடுக்காமல் பண்ணையில் மட்டும் வளர்த்து விற்க அரசாங்கமே அனுமதி கொடுத்தால் என்ன? மீனவப் பெண்களுக்கு வேலை கிடைக்குமே?' நியாயமான கேள்வி. இதில் எனக்கும் இரண்டு மனசுதான். அமெரிக்காவில் புளோரிடா கடலில் 2014-ல் பவளங்களுக்கு நோய் வந்து பரவியபோது, நோய் எட்டாத பவளங்களை முன்கூட்டியே எடுத்துப் பல மாநிலத்து மீன் காட்சியகத் தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். தொட்டியில் வளர்க்கத் தெரிந்த கைகள் இருந்ததால்தான் அது நடந்தது. அந்த வித்தை நம்ம பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தால் நல்லதுதான்.

ஆனால் வளர்த்ததைக் கணக்குக் காட்டி, எடுத்ததை அதே கணக்கில் விற்றால் பிடிப்பது யார்? பண்ணைத் துண்டும் பார்த் துண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ரசீது புத்தகம் ஒன்று போதும், தீவு காலி.

சரி, வளர்த்து மிஞ்சியதைக் கடலிலேயே விட்டுவிடலாமே என்பார்கள். அதுவும் கூடாது. தொட்டியில் பிடித்த நோயும் பூச்சியும் கூடவே இறங்கும். வளர்ப்புக்கு என்று மண்டபம் பக்கம் கொண்டு வந்த வெளிநாட்டுக் கடல்பாசி குருசடை தீவுப் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்து மூடியதைப் பார்த்தவர்கள்தானே நாம். பிய்த்துப் பிய்த்துப் போட்டும் மறுபடி வந்தது.

பவளத்துக்கு ஏற்கனவே போதாத காலம். கோடையில் தண்ணி 30, 31 டிகிரியைத் தாண்டினால் வெளுக்க ஆரம்பிக்கிறது. 2010-ல் வெளுத்தது. 2016-ல் வெளுத்து நிறையச் செத்தது. 2024 கோடையிலும் வெளுத்தது. ஒரு கோடையில் தப்பிப் பிழைத்த கிளையில் இருந்துதான், அடுத்து சிமெண்ட் பலகையில் கட்டுவதற்குத் துண்டு எடுக்க வேண்டும்.

கடையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஓனர் கொடுக்கிற பெட்டி மீனுக்கு ஓவராக கனத்தால், உள்ளே என்ன என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த டெலிவரிக்குப் போகாதீர்கள்.