அப்பாவின் ஈசி சேருக்கு மேலே...

தம்பிக்குத் தை மாசம் கல்யாணம். பெண் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, சத்திரத்துக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்: “அவங்க ரெண்டு பேரும் எங்கே படுத்துப்பாங்க?”

வீடு நங்கநல்லூரில். 1984-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டுக் கட்டியது. ஒரு ஹால், பின்னால் ஒரு பெட்ரூம் (என் குடும்பம்), சமையலறை. ஹாலில் அப்பாவின் ஈசி சேர், தம்பியின் பாய். எல்லோரும் ஏககாலத்தில் அண்ணாந்து பார்த்தோம். மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது!

மேஸ்திரி வந்தார். மாடி ஏறினார். நடுவில் நின்று இரண்டு தரம் தம் தம்மென்று குதித்தார். கீழே ஹால் ஃபேன் லேசாக ஆடியதாக மனைவி பிறகு சொன்னாள். “பழைய காலத்து வேலை சார். மேல லாரியே ஏத்தலாம்!” முன்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு ரூம், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், காத்து பிச்சிக்கும் என்றார். தம்பி அப்போதே கட்டிலுக்கு இடம் குறித்துவிட்டான். அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவரின் மச்சினர் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர். ‘ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்’ என்று நண்பர் அனுப்பி வைத்தார். இவர் குதிக்கவில்லை. கீழேயே நின்று கேட்டார்: “மேலே வர்ற சுவருக்கு நேர் கீழே சுவர் இருக்கா ஸார்?”

ஒரு பக்கம் இல்லை. கீழே இருந்தது அப்பாவின் ஈசி சேர்.

கல்யாணப் பத்திரிகை சாம்பிளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பத்தடி உயர ஒன்பது இஞ்ச் சுவர், ஓரடி நீளத்துக்குச் சுமார் 400 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, ஆள், துணிமணி எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிலோதான் கணக்கில் எடுப்பது வழக்கமாம். நாலு சுவரும் கான்கிரீட் தளமும் சேர்ந்தால் 20 டன்னைத் தாண்டும். அதாவது, ஆளுக்கு நாலு டன் வீதம் ஐந்து யானை. யானையாவது சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிப் போகும், ரூம் போகாது. போதாக்குறைக்கு, ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் என்பது ஒரு டன். அது இப்போதே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

“விழணும்னா இத்தனை நாள் விழுந்திருக்காதா?” என்றான் தம்பி, கட்டில் போன சோகத்தில்.

என்ஜினீயர் தென் கொரியாவுக்குப் போய்விட்டார். சியோலில் சாம்பூங் என்றொரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். முதலில் போட்ட பிளானில் இல்லாத ஐந்தாவது மாடியைப் பிறகு சேர்த்தார்கள். ஏ.சி. யந்திரங்களை மாடியிலேயே இடம் மாற்ற, தூக்காமல் உருட்டி இழுத்தார்கள். 1995 ஜூன் 29 காலையில் விரிசல் பெரிதாகத் தெரிந்தும் கடையை மூடவில்லை. சாயங்காலம் கூட்ட நேரத்தில் சரிந்தது. 502 பேர் போனார்கள். “அதுவும் சில வருஷம் நின்னுட்டுத்தான் இருந்தது” என்றார். தம்பி அப்புறம் வாயே திறக்கவில்லை.

பிறகு பாத்ரூம் மேல்தளத்தைக் காட்டினார். பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. நாங்கள் அதைப் பல வருஷமாக ‘ஈரம்’ என்று செல்லமாக அழைத்து, சுண்ணாம்பு அடித்து வந்தோம். தளம் கொஞ்சம் தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும்; அதைப் பிடித்துக்கொள்ளத்தான் கம்பி. துருப்பிடித்தால் கம்பி ஊதி, மேலிருக்கும் கான்கிரீட்டையே தள்ளிவிடுமாம். கம்பியும் இளைத்துக்கொண்டே போகும்.

“கடைக்கால் எவ்வளவு ஆழம்னு யாருக்காவது தெரியுமா?” என்றார்.

அப்பா எழுந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து நீலப் பிளானும் 1984-ஆம் வருஷத்து டைரியும் வந்தன. சிமென்ட் மூட்டை, மணல் லோடு, ஆள் கூலி எல்லாம் பொடி எழுத்தில். ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

“மூணே காலடிதான். மாடிக்கும் சேர்த்துத் தோண்டலாம்னு அந்த மேஸ்திரி கெஞ்சினார். நான்தான் வேண்டாம்னேன். பணம் பத்தலைடா. உங்கம்மா வளையல் அதுக்கு முன்னாடியே போயாச்சு.”

“அப்போ மேஸ்திரி குதிச்சப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?”

“எப்படிடா சொல்றது? இவன் கட்டிலுக்கு அளவு எடுத்துண்டிருந்தான்.”

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. என்ஜினீயர்தான் டைரியைப் புரட்டியபடி, “முப்பது வருஷ அனுபவத்துல, கம்பிக் கணக்கை இப்படி எழுதி வெச்ச வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை ஸார்” என்றார். அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சுவர் ஓரமாகக் குழி தோண்டிக் கடைக்காலைப் பார்த்தார்கள். டைரி சொன்னது இஞ்ச் பிசகவில்லை. மண்ணையும் பார்த்து, என்ஜினீயர் முடிவு சொன்னார்: முன்பக்க ரூம் கிடையாது. நாலு பக்கமும் கீழே சுவர் வருகிற பின்பக்கத்தில் ஒரு சின்ன ரூம். செங்கல் வேண்டாம், அதில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள ஏ.ஏ.சி. பிளாக். கான்கிரீட் வேண்டாம், ஷீட் கூரை. அதையும் சும்மா வைக்காமல் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் எதிர் வீட்டு ஷீட்டைக் கொண்டுபோய் வேப்பமரத்தில் மாட்டியதை எங்கள் தெரு மறக்கவில்லை. பாத்ரூம் தளத்துக்கு முதலில் வைத்தியம். டேங்க் தரையிலிருந்து எழும்பும் தனி ஸ்டாண்டுக்குப் போகும். பிளானுக்கு அனுமதி வந்த பிறகுதான் முதல் பிளாக்.

மேஸ்திரிக்கு வருத்தம்தான். “பயந்தவங்க சார் நீங்க” என்று சொல்லிவிட்டு, அந்த வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அப்பா குடையும் டைரியுமாகப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை மீறி ஒரு சட்டி சிமென்ட் குறைய முடியாது.

ஒரே ஒரு விஷயம். பின்பக்கம் என்றால் என் பெட்ரூமுக்கு மேலே. கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, நாலு பக்கமும் சுவர் இருக்கிறது, எல்லாம் தெரியும். இருந்தாலும் ராத்திரி விளக்கணைத்ததும் மனைவி கேட்கிறாள்:

“ஏங்க, அந்த மேஸ்திரி இன்னிக்கு மேல குதிக்கலையே?”