நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு?

திப்பிலியில் இருக்கும் பைப்பர்லாங்குமைன் என்ற வேதிப்பொருள் நல்ல செல்களை விட்டுவிட்டுப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று 2011இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சுண்டெலிகளில் செய்த சோதனைகளும் அதில் இருந்தன. நான்கு ஆண்டு கழித்து, 2015இல், அதே கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியானது. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த கட்டியின் உச்ச அளவு 1.5 சென்டிமீட்டர், சில சுண்டெலிகளில் கட்டி அதையும் தாண்டி வளர்ந்திருந்தது. (கட்டுரை 2018இல் திரும்பப் பெறப்பட்டது, அதற்குக் காரணங்கள் வேறு.) கட்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு என்ன, அது மீறப்படவில்லையா என்பதை ஆய்வாளர்கள் கட்டுரையிலேயே எழுத வேண்டும் என்று ‘நேச்சர்’ கேட்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வரம்பு எழுத்தில் இருந்தது; கட்டி அதற்குள் நிற்கவில்லை. விலங்கு இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். விலங்கின் துன்பம் முற்றுவதற்குள் சோதனையை முடித்துக்கொள்ளும் எல்லையை, அதாவது ஹியூமேன் எண்ட்பாயிண்ட்டை, எண்ணாக எழுதி வைக்க இன்று எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணை எட்டும் நாளில் கூண்டின் முன் யார் நிற்கிறார், நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி நெறிமுறைக் குழுவின் அனுமதி கேட்கும் பெரும்பாலான விண்ணப்பங்களில் எழுவதே இல்லை.

ஒரு காலத்தில் இந்தத் துறையின் அளவுகோலே மரணம்தான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1950களிலிருந்து பல்லாயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சலித்தெடுக்க எல்1210, பி388 என்ற சுண்டெலி ரத்தப்புற்றுநோய்களை நம்பியிருந்தது. மருந்து பெற்ற சுண்டெலி பெறாததைவிட எத்தனை நாள் கூடுதலாக உயிரோடு இருந்தது என்பதே கணக்கு. சுண்டெலி சாகும்வரை காத்திருப்பது முறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1990இல் அந்த இடத்துக்கு 60 மனிதப் புற்றுநோய் செல்வரிசைகள் வந்தன. மாற்றத்துக்கு முதன்மையான காரணம் கருணை அல்ல. ரத்தப்புற்றுநோய்ச் சுண்டெலிகள் திடக்கட்டிகளுக்கான மருந்துகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. ‘உயிர்பிழைப்பு வளைகோடு’ என்று வரைபடத்தில் போடும்போது, அது இறந்த நாளையா, நிறுத்த வரம்பை எட்டிய நாளையா குறிக்கிறது என்று சொல்லாத கட்டுரைகள் இப்போதும் வருகின்றன. நிறுத்த வரம்பை எட்டிய நாளைக் கொண்டே அந்த வளைகோட்டை முறையாக வரையலாம். புள்ளியியலுக்குத் தேவை ஒரு தெளிவான நிகழ்வு. அது மரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அறிவியல் நோக்கிலும் இரவில் தானாகச் செத்துக் காலையில் விறைத்துக் கிடக்கும் சுண்டெலியால் பயனில்லை. குடல் அழுகத் தொடங்கியிருக்கும், ரத்தம் எடுக்க முடியாது, கட்டியின் நடுப்பகுதி கரைந்திருக்கும். கூண்டுத் தோழர்கள் உடலைக் கடித்திருப்பதும் உண்டு. ‘இறந்து கிடந்தது’ என்று பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஒரு விலங்கின் வேதனையோடு ஒரு தரவின் இழப்பும்தான்.

கட்டியின் அளவை எடுத்துக்கொள்வோம். கட்டி உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நீண்டகால வழக்கு. 25 கிராம் சுண்டெலிக்கு அது 2.5 கிராம், 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 கிலோ கட்டியைச் சுமப்பதற்குச் சமம். ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை அந்த எடையை எட்டிவிடும். பிரிட்டனிலிருந்து பால் வொர்க்மனும் சக ஆய்வாளர்களும் 2010இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைவிடக் கண்டிப்பானவை.

காலிப்பரை வைத்து அளப்பவர் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. விட்டம் 12 மில்லிமீட்டரிலிருந்து 15 ஆவது பார்வைக்குச் சிறிய மாற்றம். கன அளவிலோ கட்டி கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது. பி16 மெலனோமா போல வேகமாக வளரும் கட்டிகள் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பதுண்டு. வெள்ளிக்கிழமை மாலை ‘வரம்புக்குள்’ என்று எழுதிவிட்டுப் போனால் திங்கள் காலையில் வரம்பு தாண்டியிருக்கும். வாரம் ஒருமுறை அளப்பது என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவர், வரம்பைத் தாண்ட அனுமதி கேட்கிறார் என்றே குழு எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு குறைவாக இருந்தாலும் கட்டியின் மேல்தோல் பிளந்து புண்ணாகிவிட்டால் அதுவும் நிறுத்தவேண்டிய அறிகுறிதான். 4டி1 மார்பகக் கட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

எடையும் ஏமாற்றும். 20 சதவீதம் எடை இழந்தால் நிறுத்து என்பது பரவலான விதி. ஆனால் உடல் மெலிய மெலியக் கட்டி கூடிக்கொண்டே போனால் தராசு அசையாது. சுண்டெலி எலும்பும் தோலுமாகியிருக்கும்; தாளில் எடை அப்படியே இருக்கும். இங்கே கருவியைவிட விரல் நம்பகமானது. வாலின் அடியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தை ஆள்காட்டி விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். நல்ல உடல்வாகுள்ள சுண்டெலியில் எலும்பு லேசாக உணரப்படும், துருத்தாது. முள்ளெலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்பட ஆரம்பித்தால் அது 1 முதல் 5 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் 2. இடுப்பெலும்பு கூர்மையாகத் துருத்தினால் 1. உல்மன்-குல்லெரேயும் ஃபோல்ட்சும் 1999இல் வகுத்த இந்த முறைக்குச் சில நொடிகள் போதும், செலவு எதுவுமில்லை.

சுண்டெலி இரையாகும் பிராணி. வலியை மறைப்பது அதன் பிழைப்பு. பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வரும் மனிதரின் முன் அது இயல்பாக இருப்பதுபோல நிற்கும். ஜெஃப்ரி மோகிலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2010இல் முகபாவ அளவுகோல் ஒன்றைத் தந்தது: கண் இடுங்குதல், மூக்கும் கன்னமும் புடைத்தல், காது பின்னோக்கிச் சாய்தல், மீசைமயிர் நிலை மாறுதல் என ஐந்தையும் 0, 1, 2 என்று மதிப்பிடலாம். அறுவைக்குப் பிந்தைய வலிக்கு இது நன்றாகவே உதவுகிறது. வாரக்கணக்கில் மெல்ல ஏறும் கட்டி வலிக்கு இதை மட்டும் நம்ப முடியாது. கலைந்த ரோமம், கூனிய முதுகு, கட்டாமல் விட்ட கூடு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய எலிகளில் கண்ணோரமும் மூக்கோரமும் படியும் செந்நிறத்தை ரத்தம் என்று பயப்படுவோர் உண்டு. அது ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபைரின். எலி தன்னைச் சுத்தம் செய்துகொள்வதை விட்டுவிட்டது என்பதற்கு அடையாளம்.

கணையத்திலோ சினைப்பையிலோ வளரும் கட்டியைக் காலிப்பரால் அளக்க வழியே இல்லை. அங்கே லூசிஃபரேஸ் ஒளிப்படம், வயிற்றில் நீர் கோத்தல், ரத்தப்புற்றுநோயில் பின்னங்கால் தளர்ச்சி என ஒவ்வொரு மாதிரிக்கும் தனி அறிகுறிகளை முன்கூட்டியே, சிறு முன்னோட்டச் சோதனையில், கண்டுபிடித்து வைக்க வேண்டும். எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே பத்தியை நகலெடுத்து ஒட்டுவது இந்த வேலைக்கு உதவாது.

பராமரிப்பு என்பது அறிவியலுக்கு வெளியே நிற்கும் இரக்கம் என்று இன்னும் நினைப்போருக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ராஸ்வெல் பார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டியது இது: வழக்கமான 22 டிகிரி அறையில் சுண்டெலிகள் குளிரோடு போராடுகின்றன, அவற்றுக்கு இதமான 30 டிகிரியில் வைத்தால் கட்டி மெதுவாக வளர்கிறது, நோயெதிர்ப்பு செல்கள் கூடுதலாகச் செயல்படுகின்றன. குளிருக்கு இதமாகக் கூடுகட்டக் கைப்பிடி காகிதத் துணுக்கு கொடுப்பதும் கொடுக்காததும் ஆய்வின் முடிவைத் தொடக்கூடிய விஷயம் என்று இதற்குப் பொருள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010இல் காட்டியது: வாலைப் பிடித்துத் தூக்கப்படும் சுண்டெலி கையைக் கண்டு அஞ்சுகிறது, குழாயிலோ குவித்த உள்ளங்கையிலோ எடுக்கப்படும் சுண்டெலி தானாக நெருங்கி வருகிறது. பிளாஸ்டிக் குழாய் ஒன்று கூண்டிலேயே கிடந்தால் போதும்.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மயக்கத்தில் இருக்கும்போதே மிகுந்த காயமுற்ற விலங்கு, விழித்தால் கடும் துன்பப்படும் என்றால், விழிக்குமுன் அதன் உயிரை முடித்துவிட வேண்டும் என்கிறது. 1998இன் விதிகள் நிறுவனந்தோறும் விலங்கு நெறிமுறைக் குழுவை உருவாக்கின. குழுவில் கால்நடை மருத்துவர் இருக்கிறார், வெளியாள் இருக்கிறார், ஒன்றிய அரசுக் குழுவின் பிரதிநிதியும் இருக்கிறார். தினமும் காலையில் கூண்டைத் திறந்து தீனி போட்டு, தண்ணீர்ப் புட்டி மாற்றும் பராமரிப்பாளர் இல்லை. ஒரு சுண்டெலி நேற்றைவிட இன்று மந்தமாக இருக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். ‘ஐயா வரட்டும்’ என்று அவர் காத்திருக்கும் அந்த ஒரு நாளில்தான் வரம்பு மீறப்படுகிறது.

இந்த இதழ் கேட்பது இதுதான். கூண்டு அட்டையிலேயே அந்தச் சோதனைக்கான மூன்று நான்கு அறிகுறிகளைத் தமிழில் அச்சிட்டுத் தொங்கவிட வேண்டும். அவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால், ஆய்வாளரின் அனுமதிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரை நேரே அழைக்கும் உரிமை பராமரிப்பாளருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். மருத்துவரின் முடிவை ஆய்வாளர் மாற்ற முடியாது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். ‘இறந்து கிடந்தது’ என்ற பதிவு ஒவ்வொன்றும் மாதந்தோறும் குழுவின் முன் வர வேண்டும், யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, எந்த அறிகுறி தவறவிடப்பட்டது என்று பார்ப்பதற்காக. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல், தீபாவளி விடுமுறைகளும் கட்டிக்குக் கிடையாது. அந்த நாள்களில் யார் வந்து பார்ப்பார், கருணைக்கொலை செய்யப் பயிற்சி பெற்றவர் யார் என்று விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். அந்த இடத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதப்படாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஒவ்வொரு குழுவுக்கும் இன்றே இருக்கிறது.