மணி நம்முடையது, படகு?

எலியட்ஸ் பீச்சில் சுண்டல் கொறித்துக்கொண்டிருந்தபோது ஆபீஸ் நண்பர் ஒரே போடாகப் போட்டார்: "நியூசிலாந்தைக் கண்டுபிடிச்சதே நம்ம ஆளுங்கதான் சார். அங்கே தமிழ் மணி கிடைச்சிருக்கு, தெரியுமில்லே?"

பாதி நிஜம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்கிற பாதிரியார், நியூசிலாந்தின் வட பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பார்த்தால், அது பாத்திரமே இல்லை. விளிம்பு உடைந்துபோன மணி. சுற்றிலும் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று விலாசம் போட்டிருக்கிறது. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா மியூசியத்தில் இருக்கிறது.

மணி போனது வாஸ்தவம். கூடவே நாமும் போய் இறங்கினோமா? அதற்குச் சாட்சியில்லை. ஆளில்லாத கப்பல் கரை ஒதுங்கியிருக்கலாம், கைமாறிக் கைமாறிப் போயிருக்கலாம். மாவோரிகளின் முன்னோர்களைக் கேட்டால் வேறு கதை வரும். கேட்க வேண்டியது அவர்கள் பாஷையை. மாவோரியில் ஐந்துக்கு 'ரிமா'. ஹவாயில் 'லிமா'. மலாயிலும் பிலிப்பைன்ஸிலும் 'லிமா'. தைவான் பழங்குடிகள் சிலரிடமும் அதே 'லிமா'தான்! நம்ம 'அஞ்சு' இந்தக் கூட்டத்தில் எங்கேயும் ஒட்டவில்லை.

சுமார் 5,000 வருஷத்துக்கு முன் தைவானிலிருந்து கிளம்பிய கூட்டம், தீவு தீவாகத் தாவி, 2,800 வருஷத்துக்கு முன்பே டோங்கா, சமோவா வரை வந்துவிட்டது. அங்கே ஆயிரத்துச் சொச்சம் வருஷம் நீண்ட இடைவேளை. ஏன் என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஒரே பாய்ச்சல்: டஹிட்டி, ஹவாய், ஈஸ்டர் தீவு. கி.பி. 1300 வாக்கில் நியூசிலாந்து. பெண்டாட்டி பிள்ளை, சேப்பங்கிழங்கு நாற்று சகிதம்.

"திசைகாட்டி இல்லாம எப்படி சார்?" நட்சத்திரம், பறவை, அலையின் சாய்வு. நம்பாதவர்களுக்காக 1976-ல் ஹொக்குலெயா என்கிற படகில் ஹவாயிலிருந்து டஹிட்டி வரை போய்க் காட்டினார்கள். மேப் இல்லை, கருவி இல்லை. வழி சொன்னவர் மௌ பியாய்லுக் என்ற தீவுக்காரர். பனகல் பார்க்கிலிருந்து ரங்கநாதன் தெருவுக்கு செல்போனைப் பார்த்துப் போகிற ஜாதி நான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

நண்பர் விடவில்லை. "அந்தப் படகுக்குப் பேரே கேட்டமரான்தானே? நம்ம கட்டுமரம்!"

பேர் நம்முடையதுதான். ஆனால் நம் கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டியது. அலை மேலே ஏறி இடுக்கு வழியாக இறங்கிவிடும், மூழ்காது. விடியலில் போய் மீனோடு திரும்ப அதைவிடக் கெட்டிக்கார வாகனம் கிடையாது. (பக்கத்து ஊரூர் குப்பத்தில் இப்போது ஃபைபர் படகுதான் அதிகம்.) அவர்களுடையது இரண்டு ஓடங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே சட்டம் போட்டுத் தளம் அமைத்தது, ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம். வெள்ளைக்காரன் நம்மிடம் வார்த்தையை வாங்கி அவர்கள் படகுக்கு ஒட்டிவிட்டான்.

சுண்டல் பொட்டலம் காலி. நண்பர் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த முகைதீன் பக்ஸ் என்ன சார் ஆனாரு?" என்றார்.

அவர் கப்பல் எந்தத் துறையிலிருந்து கிளம்பியதோ. எந்த வீட்டில், எத்தனை நாள் காத்திருந்தார்களோ.