உளிக்குத் துணையாகும் கருவி

வாகை மரத்திலே தேவதையின் இமையையும் நகக்கண்ணையும் செதுக்க முற்படும் இளஞ்சிற்பி, நிமிஷத்துக்கு 35,000 சுற்று என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் மதிமயங்கி ஒரு கை கிரைண்டரை வாங்கிவிடலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். வேகம் மிகுந்தால் மரம் கருகும். கருகல் இழைக்குள் இறங்கிவிட்டாலோ, அதைத் தேய்த்தெடுக்கையில் மூக்கின் நுனியும் உடன் போய்விடும். ஆகவே, வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க இடந்தருவதும், 3 மில்லிமீட்டர் பிட்டை ஆட்டமின்றிக் கவ்வுவதும், பேனாவைப் போல விரல்களுக்குள் அடங்குவதுமான கருவியே உத்தமம். மோட்டாரை மேலே தொங்கவிட்டு, வளையும் தண்டின் வழியே கைப்பிடியை மட்டும் சுழற்றும் வகை கிடைக்குமாயின், நாள் முழுதும் உழைக்கும் மணிக்கட்டுக்கு அதைவிடப் பெரிய சகாயம் வேறில்லை. விலை பேசுமுன் கடையிலேயே பிட்டைப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். நுனி நடுங்கினால் வாங்காதீர்கள். முகக்கவசத்துக்கும் சிறிது பணம் ஒதுக்குங்கள். வாகைத்தூள் கடுமையான தும்மலை உண்டாக்கும்.