தாலி கட்டும் வேளையில் வெட்டலாமா?

நம் கீழப்பாவூர் வீட்டுப் பரண்களில் பழைய கல்யாண வீடியோ கேஸட்டுகள் இன்னும் உறங்குகின்றன. அவற்றை ஓட்டும் கருவியோ அருகிவிட்டது. கடைசிவரை அதைச் செய்துவந்த ஜப்பானின் புனாய் கம்பெனியும் 2016-ஆம் வருஷம் நிறுத்திவிட்டது. ஆகையால் கேஸட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தகட்டில் பதிந்துகொள்ள அன்பர்கள் விரைவது நியாயமே.

சங்கடம் அதன் பிறகுதான். 'டிஜிட்டல் வீடியோ' முறையில் ஏற்றினால் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 13 ஜிகாபைட் ஆகும். சாதாரண டி.வி.டி. தகடு கொள்வதோ 4.7 தான். மூட்டை நெல் மரக்காலில் அடங்குமா?

சிலர் படத்தை நசுக்கி ஒரே தகட்டில் திணிக்கிறார்கள். படம் அடங்கும், பாட்டியின் முகம் மங்கும். வேறு சிலர் காட்சியைப் பாராமல், அளவை மட்டும் பார்த்துக் கோப்பைத் துண்டிக்கிறார்கள். அத்துண்டுகள் தனித்து ஓடா. ஒன்று தொலைந்தால் முழுப்படம் மீளாது.

நாம் சொல்வது இதுதான்: தகட்டுக்குச் சுமார் இருபது நிமிஷமாக, காட்சி முடியும் இடம் பார்த்துப் பிரியுங்கள். மாப்பிள்ளை அழைப்பு ஒன்று, முகூர்த்தம் ஒன்று, பந்தி ஒன்று. மேற்சொன்ன முறையில் ஒவ்வொரு படமும் தனித்தனியே பதிவாகிறது. மறுபடி சுருக்காமல் வெட்டினால் தரம் சிறிதும் குறையாது. தகடுதோறும் வரிசை எண் எழுதுங்கள். தகடும் சாசுவதமன்று; ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மறைந்த பெரியோரின் குரல் பல வீடுகளில் அந்தக் கேஸட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நாடா பூஞ்சை பிடிக்குமுன் இக்காரியத்தை முடித்துவிடுவோமாக.